ஒரே சொல், வேறு வேறு காது

நேயர்களுக்கு வணக்கம். வேலையில் ஒருவரின் குறையைச் சொல்லும்போது அவர் குணத்துக்குத் தக்கபடி பேச வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் முதல்முறையாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்த காலம். குழுவில் இருவர் ஒரே வாரத்தில் ஒரே மாதிரித் தவறு செய்தார்கள். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் கூட்டுத்தொகை தப்பு, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைச் சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள்."

ஒருவர், "ஆமா மேடம், விட்டுட்டேன், இப்பவே திருத்தி அனுப்பிடறேன்" என்று எழுந்து போனார். மற்றவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு சில வாரங்களுக்கு, இரண்டு வரி மின்னஞ்சலைக்கூட என்னிடம் காட்டாமல் அவர் அனுப்பவில்லை. "இது சரியா மேடம்?" என்று ஒவ்வொன்றுக்கும் வந்து நிற்பார். என் பேச்சால் அவருக்குக் கூடியது பயம்தான். இருவரிடமும் ஒரே மாதிரி பேசுவதுதான் நியாயம் என்று அன்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

ஒருவர் வேலையில் உள்ள நிறைகுறைகளை அவரிடமே சொல்வதை அலுவலகத்தில் நாம் ஃபீட்பேக் என்கிறோம், தமிழில் பின்னூட்டம். கொடுத்தால் எப்படியும் நல்லதுதான் நடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1996-இல் அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில், அதைக் கொடுத்த பிறகு வேலை மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டாமவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. "கவனமாக இருங்கள்" என்பது முதலாமவர் காதில் அறிக்கையைப் பற்றிய பேச்சாக விழுந்தது. இரண்டாமவர் காதில் "நீ கவனமில்லாத ஆள்" என்று விழுந்தது. குணத்துக்குத் தக்கபடி பேச வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சொல் எங்கே போய் விழுகிறது என்பதைக் கேட்பவரின் சுபாவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

சரி, ஆளுக்கு ஆள் என்ன மாற்ற வேண்டும்? நேராகப் பேசுகிறவரிடம் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே ஒரு குறையை ஒளித்துவைத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். ஆதாரம் கேட்கிறவரிடம் "பொதுவாகவே உங்கள் வேலை..." என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை முறை என்று காட்டுங்கள். அவர் எதிர்க்கேள்வி கேட்பதை அடங்காமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் விஷயத்தை உள்வாங்குவதே அப்படித்தான். கலகலப்பானவர் எல்லாவற்றுக்கும் உற்சாகமாகச் சரி சொல்வார், மாலைக்குள் பாதி மறந்துவிடும். பேசி முடித்ததும் என்ன முடிவு செய்தோம் என்று அவரையே இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அமைதியானவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் காயப்படுவது அவர்கள்தான். "நாளைக்கு உங்களிடம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவருடைய ஒரு ராத்திரித் தூக்கம் போய்விடும். எதைப் பற்றி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டார் என்று நினைத்து முடித்துவிடாதீர்கள். ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள், உண்மையான பதில் பெரும்பாலும் அப்போதுதான் வரும். இன்னொன்று, எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கவைத்துக் கைதட்டுவது சிலருக்குத் தண்டனை மாதிரி. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினால் போதும்.

இப்படிச் சொல்வதால் ஆட்களைப் பெட்டிக்குள் போட்டு அடைத்துவிடக் கூடாது. வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் 1928-இல் மனிதரின் நடத்தையை நான்காகப் பிரித்து எழுதினார். இன்று பயிற்சி வகுப்புகளில் டிஸ்க் என்ற பெயரில் புழங்கும் முறை அதன் வழிவந்ததுதான். அவர் அதற்கு வினாத்தாள் எதுவும் தயாரிக்கவில்லை, அவையெல்லாம் பிறகு மற்றவர்கள் உருவாக்கியவை. பேச ஒரு பொதுமொழி கிடைக்கிறது என்ற அளவில் இதில் பயன் உண்டு. ஆனால் ஒரே ஆளே இடத்துக்கு இடம் மாறுகிறார். பழகிய வேலையில் குறையை நேராகக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர், புது வேலையில் முதல் மாதம் தடுமாறிக்கொண்டிருப்பார். புதியவர்கள் தாங்கள் சரியாகச் செய்ததையும், தேர்ந்தவர்கள் தங்கள் குறையையும் கேட்க அதிகம் விரும்புகிறார்கள் என்று ஸ்டேசி ஃபிங்கல்ஸ்டீனும் அய்லெட் ஃபிஷ்பாக்கும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆகவே சுபாவத்தோடு அனுபவத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

என் மனதை இன்றும் உறுத்துவது வேறொரு சம்பவம். சட்டென்று கண் கலங்கிவிடும் சக ஊழியர் ஒருவர் இருந்தார். அவர் மனம் நோகக் கூடாது என்று மாதக்கணக்கில் குறைகளை மென்று விழுங்கினேன். சொன்னதையும் பஞ்சில் சுற்றிச் சொன்னேன். "நன்றாகச் செய்கிறீர்கள், நேரம் கிடைத்தால் இதையும் பாருங்கள்" என்ற அளவில்தான் பேசினேன். அவருக்கு அது நேரம் கிடைத்தால் பார்க்கும் காரியமாகவே இருந்தது. வருடக் கடைசியில் அப்ரைசலில் மதிப்பெண் குறைந்தது. "இதை ஏன் மேடம் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார். அன்று அவர் அழவில்லை. என்னிடம்தான் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். ஆளைப் பொறுத்து இடத்தை மாற்றுவேன், நேரத்தை மாற்றுவேன், எதை முதலில் சொல்வது என்பதை மாற்றுவேன். என்ன குறை, அதை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பதை யாருக்காகவும் குறைக்க மாட்டேன். பேசி முடித்ததும் "நான் சொன்னதில் உங்களுக்கு முக்கியமாகப் பட்டது எது?" என்று கேட்பேன். நான் நினைத்ததும் அவர் சொல்வதும் வேறாக இருந்தால், இன்னொரு முறை தெளிவாகச் சொல்வது என் வேலை.

சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற பயிற்சி நிறுவனம் இதற்கு ஓர் எளிய வழி சொல்கிறது. எந்தச் சூழல், என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது என்ற மூன்றை மட்டும் பேச வேண்டும். எந்தச் சுபாவக்காரருக்கும் இது பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பேச்சு ஆளைத் தொடாமல் வேலையிலேயே நிற்கிறது. அந்த இரண்டாமவரிடம் சில மாதங்கள் கழித்து இப்படித்தான் பேசினேன்: "நேற்று அனுப்பிய அறிக்கையில் நான்காம் பக்கத்தில் கூட்டுத்தொகை மாறியிருந்தது. அதை நம்பி அவர்கள் தவறான அளவுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். எந்தக் கட்டத்தில் சரிபார்த்தால் இது பிடிபட்டிருக்கும்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கணக்குத் தாளிலிருந்து எண்களை அறிக்கைக்கு மாற்றும் இடத்தைச் சொன்னார். பிறகு, இத்தனை நாள் நான் கேட்காத ஒரு விஷயத்தையும் அவரே சொன்னார்: "இனிமே இந்த மாதிரி விஷயத்தை முதல்ல எழுதி அனுப்பிடுங்க மேடம். நான் படிச்சுட்டு வந்து பேசறேன்."

அப்படியே செய்தோம். இப்போது புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறேன்: குறை இருந்தால் எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி?

நன்றி, வணக்கம்.