சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, அப்ளிகேஷன்களைச் சுருக்கலாமா?

அடுத்த கேள்வி. லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டிதான் இருக்கிறது, சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, அப்ளிகேஷன்களைச் சுருக்கும் யூபிஎக்ஸ் டூலைப் போட்டு எல்லா எக்ஸ்இ பைலையும், அதாவது அப்ளிகேஷனை இயக்கும் பைலையும், சுருக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாங்க. யூபிஎக்ஸ் நல்ல டூல்தான், அதில் குறை இல்லை. ஆனால் அது எக்ஸ்இ பைலையே மாற்றி எழுதுகிறது. அதிலிருந்த டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போய்விடும். வைரஸ் எழுதுகிறவர்களும் இதே வழியில் பைலைச் சுருக்கி ஒளித்து வைப்பதால், ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். நானும் ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரு சின்ன டூலைச் சுருக்கினேன். மிச்சமானது ஓரிரு எம்பி. மறுநாள் பார்த்தால் ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிக் குவாரண்டைனில் போட்டிருந்தது.

விண்டோஸின் உள்ளேயே காம்பாக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, விண்டோஸ் 10 முதல் அதில் அப்ளிகேஷன்களுக்கென்றே சுருக்கும் முறைகள் வந்திருக்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, அப்ளிகேஷன் இருக்கும் போல்டருக்குள் போய், compact /c /s /exe:lzx என்ற வரியை அடியுங்கள். கடைசியில் எல்இசட்எக்ஸ் என்று இருக்கிறது பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே இறுக்கமாகச் சுருக்கும் முறை. முடிந்ததும் போல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். சைஸ் பழையபடியே இருக்கும், அதற்குக் கீழே சைஸ் ஆன் டிஸ்க் மட்டும் குறைந்திருக்கும். அப்ளிகேஷனுக்கு எதுவும் தெரியாது, படிக்கும்போது விண்டோஸே விரித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் அந்த விரிக்கிற வேலை பிராசசர் தலையில்தான் விழும். அதனால் எப்போதாவது திறக்கிறவற்றுக்கு மட்டும் எல்இசட்எக்ஸ் போடுங்கள். பிரவுசருக்குப் போட்டுப் பயனில்லை. அப்டேட் வரும்போது புதிய பைல்கள் சுருங்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், கேம்களும் அப்படித்தான். போட்டோ, வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

விண்டோஸையே சுருக்க காம்பாக்ட் ஓஎஸ் இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கு, சுமார் 2.6 ஜிபி மிச்சமாகும்.

அப்புறம், இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் ஹைபர்ஃபில் பைலைப் பாருங்கள், ஹைபர்நேட் செய்யும்போது ரேமில் இருப்பதை விண்டோஸ் சேமித்து வைக்கும் இடம் அது. மறைந்திருக்கும் பைல், சாதாரணமாகக் கண்ணில் படாது. வழக்கமாக ரேமில் 40 சதவீதம் வரை பிடிக்கும், 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்கு மேல். ஹைபர்நேட் தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், எஸ்எஸ்டி இருப்பதால் அது பெரிதாக உறைக்காது.