லேசர் 712 நானோமீட்டர் இல்ல, ஃபார்முலாதான் தப்பு!

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன், கமெண்ட் படிச்சுப் படிச்சு அவ்ளோ எரிச்சல். போன வீடியோல சிடியைக் கீற்றணியா (நெருக்கமான கோடுகளால ஒளியைப் பல திசையில பிரிக்கிற தகடு) வச்சு சிவப்பு லேசரோட அலைநீளம் அளந்தோம்ல? "712 நானோமீட்டர் வருது, லேசர் மேல 650ன்னு போட்டிருக்கு, லேசர் டூப்ளிகேட்டா?"ன்னு வரிசையா கேட்டிருக்கீங்க.

லேசர் மேல பழி போடாதீங்க. யங் இரட்டைப் பிளவுக்கு (ரெண்டு மெல்லிய பிளவு வழியா ஒளி விடற பாடப் புத்தக சோதனை) படிச்ச ஃபார்முலாவைத் தூக்கிட்டு வந்து இங்க போட்டிருக்கீங்க, அதான் நடந்திருக்கு. சிடிக்கும் சுவருக்கும் 100 செ.மீ. நேரா போற நடுப் புள்ளிக்கும், அதுக்குப் பக்கத்துல விழுற முதல் வரிசைப் புள்ளிக்கும் 44.5 செ.மீ. 44.5-ஐ 100-ஆல வகுத்து, தட இடைவெளி (சிடியில அடுத்தடுத்த சுற்றுக் கோடுகளுக்கு நடுவுல இருக்கிற தூரம்) 1600 நானோமீட்டரால பெருக்கினா 712 வந்துடும். ஆனா நீங்க போட்டது டேன். வேணுங்கறது சைன்! இரட்டைப் பிளவுல கோணம் ஒரு டிகிரிகூட இருக்காது, அங்க டேனும் சைனும் ஒண்ணுதான். இங்க ஒளி விலகுற கோணம் 24 டிகிரி. அந்தச் சுருக்குவழி எனக்கு எப்பவுமே பிடிக்காது, எங்க செல்லும் எங்க செல்லாதுன்னு சொல்லாமலே மனப்பாடம் பண்ண வச்சுடறாங்க.

சரி பண்றது ரொம்ப சுலபம். 100-ஓட வர்க்கம், 44.5-ஓட வர்க்கம், ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. 109.45. அதான் கர்ணம். 44.5-ஐ இதால வகுத்து 1600-ஆல பெருக்குங்க. 650! அதே லேசர், அதே ஸ்கேல்.

இருங்க, அளக்கறதுக்கு முன்னாடி சொல்லவேண்டியதை விட்டுட்டேன். சிடியோட லேபிள் பக்கம் பிளேடால லேசா ஒரு கீறல் போட்டு, அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு இழுங்க. பளபளக்கிற உலோகப் படலம் டேப்போட வந்துடும், தடம் பிளாஸ்டிக்லயே இருக்கும். எழுதற சிடின்னா பச்சையா, நீலமா சாயம் மிஞ்சும், ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுடுங்க. லேசர் வெளி ஓரத்துகிட்ட, கடிகாரத்துல மூணு மணி இருக்கிற இடத்துல படணும். பன்னெண்டு மணி இடத்துல அடிச்சா புள்ளிங்க மேலும் கீழுமா போயிடும். டிஸ்க்ல பட்டுத் திரும்புற மங்கலான ஒளி லேசர் வாய்லயே வந்து விழுதான்னு பாருங்க, அப்பதான் நேரா நிக்குதுன்னு அர்த்தம். இடதுபுள்ளிக்கும் வலதுபுள்ளிக்கும் நடுவுல மொத்தமா அளந்து பாதியாக்குங்க. சுவர் தூரத்தை டிஸ்க்லேர்ந்து அளங்க, லேசர்லேர்ந்து இல்ல. அதுல ஒரு செ.மீ. பிசகினா விடையில 5 நானோமீட்டர் போச்சு. ஒரு மில்லிவாட்டுக்குள்ள இருக்கிற லேசரை மட்டும் எடுங்க, திரும்புற ஒளிகூடக் கண்ணுல படக்கூடாது.

இப்போ நான் குதிச்சுக்கிட்டிருக்கிற விஷயம். சைன் சரியா போட்டும் 693 வந்தவங்க இருக்கீங்க இல்ல? உங்க டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்க, 700 எம்பி, 80 நிமிஷம்னு இருக்கும். 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 1600 நானோமீட்டர்ங்கறது 74 நிமிஷ டிஸ்க்கோட கணக்கு. அதே இடத்துல கூடுதலா அடைக்கணும்னா தடத்தை நெருக்கணும், அதனால சுமார் 1.5 தான் இருக்கும். அப்போ 1600-னு கண்ணை மூடிக்கிட்டு போடாதீங்க, டிஸ்க்கையே அளந்துடுங்க!

அதுக்குத்தான் பச்சை லேசர். சாதாரண பச்சை பாயிண்டர்ல படிகம் 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்கும், அடுத்த படிகம் அதைச் சரிபாதியா 532 ஆக்கும். இது படிகம் முடிவு பண்ற எண், அசையாது. சிவப்பு அப்படி இல்ல, டயோடுக்கு டயோடு, சூட்டுக்குச் சூடு சில நானோமீட்டர் நகரும், மேல ஒட்டியிருக்கிற 650-ஐ நம்பி எதையும் அளக்க முடியாது. ஒரு மீட்டர் தூரத்துல பச்சைப் புள்ளி 35.3 செ.மீ.ல விழுந்தா இடைவெளி 1600. 37.9-ல விழுந்தா 1500. நடுவுல எங்கயாவது விழுந்தா, 532-ஐக் கர்ணத்தால பெருக்கி, புள்ளி தூரத்தால வகுங்க. வர்ற எண்ணை டிஸ்க் மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க. அப்புறம் எதையும் அசைக்காம சிவப்பை அடிங்க. இந்த ஒரு படியை நான் அவ்ளோ ரசிக்கிறேன்!

ஆங், பச்சையில ஒரு எச்சரிக்கை. மலிவான பாயிண்டர்ல அகச்சிவப்பு வடிகட்டி இல்லாம இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத 1064 கூடவே வெளிய வரும். தெரியலைங்கறதால கண்ணும் சிமிட்டாது, அதான் ஆபத்து.

டிவிடியில ரெண்டாவது வரிசைப் புள்ளி காணோம்னு தேடினவங்களுக்கு: டிவிடி தடம் 740 நானோமீட்டர். 650-ஐ ரெண்டால பெருக்கி 740-ஆல வகுத்தா 1.76. சைன் ஒண்ணைத் தாண்டாது, அந்தப் புள்ளி கிடையவே கிடையாது. உங்க டிஸ்க்கு என்ன எண் வந்துச்சுன்னு கீழ போடுங்க, 80 நிமிஷமா 74-ஆன்னும் சேர்த்து.