விருந்து முடிந்த நாலாம் நாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'அயல்நாட்டுக்குப் போகும் இளைஞரைப் பெரிதும் வளர்ப்பது விடுதித் தனிவாழ்க்கையா, வீட்டில் ஏற்றுக்கொள்ளும் குடும்பமா?' இதுதான் இன்றைய தலைப்பு. குடும்பமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரர் "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அடுத்தவர் வீட்டில் அதற்கு மேல் தங்கினால் முகம் மாறிவிடும், அங்கே ஒரு பிள்ளை பத்து மாதம் இருந்து எப்படி வளரும் என்று கேட்டார். நல்ல கேள்வி. என் கட்சியே அந்தப் பழமொழிக்குள்தான் இருக்கிறது. மூன்று நாள் விருந்து, சரி. நாலாம் நாள் என்ன ஆகிறது?

பதினாறு வயதில், மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் மதுரையிலிருந்து ஜெர்மனிக்குப் போனேன். ஃபிரைபுர்க் பக்கத்தில் ஒரு சிற்றூர். அந்த வீட்டில் ஓர் அப்பா, ஓர் அம்மா, பதினோரு வயதில் ஒரு பெண். அங்கே பல வீடுகளில் சூடான சாப்பாடு மதியத்தோடு சரி. இரவுச் சாப்பாட்டின் பெயரே 'ஆபென்ட்ப்ரோட்', அதாவது மாலை ரொட்டி. கறுத்த கெட்டி ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய். முதல் நாள் இரவு அந்த அம்மா, "இன்னொரு துண்டு?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். நம் வீடுகளில் ஒரு 'வேண்டாம்' என்றால் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள் என்று பொருள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மூன்று இரவு பசியோடு படுத்தேன். நாலாம் நாள் இரவு, தட்டைப் பார்த்தபடியே, "எனக்கு இன்னும் பசிக்கிறது" என்றேன். தெரிந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் கூட்டிச் சொன்ன ஒரு வாக்கியம். கூடை என் பக்கம் வந்தது. "சொன்னால்தானே தெரியும்" என்றார் அந்த அம்மா. கண்டிப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதை, யாரும் ஊகிப்பதற்காகக் காத்திருக்காமல், என் வாயால் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விருந்து அன்றோடு முடிந்தது.

இனி, எதிரணித் தலைவர் சொன்னதற்கு வருகிறேன். விடுதியில் பிள்ளைகள் தானே சமைத்து, தானே துணி துவைத்து, வாடகைக் கணக்குப் பார்த்து வளர்கிறார்கள் என்றார். உண்மை. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் விடுதி அறைக்கு ஒரு கதவு இருக்கிறது, நடுவர் அவர்களே. யாரோடாவது மனஸ்தாபம் வந்தால் அந்தக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அப்புறம் வேறு சமையலறை, வேறு நண்பர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு குக்கரைச் சுற்றிக் கூடிவிட்டால், அந்த நாட்டு வீடு ஒன்றின் உள்பக்கத்தைப் பார்க்காமலே இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட முடியும். குடும்பத்தில் அது முடியாது. மாலை ஆறரைக்கு மேசைக்கு வந்தாக வேண்டும்.

என்னை வளர்த்தது அந்த மேசை. எப்படி என்று சொல்கிறேன்.

ஜனவரி மாதம். நல்ல குளிர். அங்கே எவ்வளவு குளிரானாலும் தினமும் சில தடவை ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்று மாற்றுவார்கள். நாம் விடும் மூச்சிலும் ஈரத்துணியிலும் வரும் ஈரப்பதம் வெளியே போகாவிட்டால் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடித்துவிடும். இதை வந்த வாரமே சொல்லியிருந்தார்கள். நான் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டேன். ஒருநாள் அந்த அப்பா அலமாரியை நகர்த்தினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. கத்திவிட்டார்.

நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவுதான், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆறரை மணிக்கு அந்தச் சின்னப் பெண் கதவைத் தட்டி, "சாப்பாடு" என்றாள். தினமும் சொல்வது போலவே சொன்னாள். போனேன். அந்த அப்பா, "கோபம் சுவரைப் பற்றித்தான், உன்னைப் பற்றி இல்லை" என்றார்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மைப் போலவே அவர்களிடமும் 'நீ', 'நீங்கள்' உண்டு; 'டூ', 'ஸீ'. வந்த அன்றே எங்களை 'டூ' என்றே கூப்பிடு என்றிருந்தார்கள். அப்பா வயதுள்ளவரை எப்படி 'நீ' என்பது? மாதக்கணக்காக இரண்டையும் தவிர்த்தே பேசிவந்தேன். அன்று இரவு தவிர்க்க முடியவில்லை. "சுவர் என் தப்பு. ஆனால் நீ கத்தியபோது எனக்குப் பயமாக இருந்தது" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். ஒரு தகப்பன் பதினாறு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தோம்.

எதிரணிச் சகோதரி, சில குடும்பங்கள் வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்ததாக நினைத்துப் பிள்ளைகளைப் பிழிகின்றன என்றார். அதை மறுத்தால் நான் பொய் சொன்னவளாவேன். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு தங்கும் 'ஓ பேர்' முறைக்கு ஜெர்மனியில் விதி இருக்கிறது. வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மாதம் 280 யூரோ கைச்செலவுக்குத் தர வேண்டும், மொழி வகுப்புக்கும் பணம் தர வேண்டும். விதியை மீறும் வீட்டில் ஒரு நாளும் பொறுத்துப் போகக் கூடாது. வீட்டை மாற்றக் கேட்க வேண்டும். ஆனால் 'இது நியாயம் இல்லை' என்று சொல்லும் வாய் அந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டுமே! அது மேசையில்தான் பழக்கமாகிறது.

இன்னொன்று. ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள் அல்லர். இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடிய தொண்டர்கள். போர் முடிந்து 1947-ல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துவந்தார்கள். அந்தப் பணி இன்றும் முன்பின் தெரியாத பிள்ளைக்குக் காசு வாங்காமல் கதவைத் திறக்கும் குடும்பங்களை நம்பித்தான் நடக்கிறது. பகை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்களின் திட்டம் கடைசியில் வந்து நின்ற இடம் சாப்பாட்டு மேசை. எனக்கு இது பெரிய சாட்சி.

கடைசியாக, அந்த உறவெல்லாம் விமான நிலையத்தோடு சரி என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். போன டிசம்பரில் எனக்கு வேலை போயிற்று. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து அந்த அம்மா அழைத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "நன்றாக இல்லை" என்றேன். முழுக்கச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பேசி முடித்ததும் எழுந்துபோய், அடுப்படியில் நின்றிருந்த என் அம்மாவிடமும் சொன்னேன்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.