மூன்று மாதம் வீடியோ போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை

வணக்கம் மக்களே. மாடித்தோட்டம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில்: தக்காளி மொத்தமும் காய்ந்துவிட்டது, கத்தரி மட்டும் தப்பித்தது. சரி, இன்றைக்கு அது இல்லை. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த டிப்ரஷன் பற்றித்தான், அதாவது மனச்சோர்வு.

நேற்று ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். என் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா, "நாங்க அஞ்சு பெத்தோம், எங்களுக்கு எந்த டிப்ரஷன் வந்துச்சு?" என்றார். எல்லார் முன்னாடியும்! கோபத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். புளியோதரை பிரமாதமாம், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

பிரசவமான மூன்றாம் நாள் சும்மாவே அழுகை வந்தது. ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் நிறையப் பேருக்கு வருவதுதான், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. அவன் அழுதால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு டிப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்கிற எடின்பரோ அளவுகோலாம், 1987இல் வந்தது. கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று 10 கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். கட்டணம் வாங்குகிறார்கள், ஒரு பேனா வைக்க மாட்டார்களா? இருந்த ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்காரர் கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, 10 ரூபாய்ப் பேனா வாங்கிவர இருபது நிமிஷம். அதுவும் பச்சை மை! பச்சை மை எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. "எப்போதாவது" என்று குறித்துவிட்டு, அம்மா பார்க்காமல் தாளை மடித்தேன். மொத்தம் 17. பதின்மூன்றைத் தாண்டினாலே டாக்டர் தீர விசாரிப்பார். ஆனால் என்னிடம் அவர் முதலில் கேட்டது அந்தப் பத்தாவதைப் பற்றித்தான்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், அதற்கு முன்பே தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள். அது கெட்டாலும் இதே மாதிரி இருக்குமாம். எனக்கு நார்மல். அப்புறம்தான் கவுன்சிலிங், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை. ராத்திரி ஒரு வேளைப் பால் வீட்டுக்காரர் பொறுப்பு. மாத்திரை முதல் நாளே வேலை செய்யவில்லை, சில வாரம் ஆனது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை போட வெட்கமில்லை, எனக்கு மட்டும் எதற்கு?

டாக்டரிடம் போக முடியாதவர்கள் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்தினுடையது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

வளைகாப்புப் பெண் ராத்திரி மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அக்கா, அந்தப் பத்துக் கேள்வி அனுப்புங்க." அனுப்பிவிட்டேன். இதோ, பிள்ளை எழுந்துவிட்டான், கேமராவை அணைக்கிறேன்.