நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் நைட்ரிக் ஆக்ஸைடும்

வணக்கம் மக்களே, மலேசியா, சுங்கை சிப்புட்லேருந்து பேசுறேன். இந்தச் சின்னப் பழுப்புக் கண்ணாடி போத்தலை கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன், பாருங்க. ஜிடிஎன், அதாவது கிளிசரில் டிரைநைட்ரேட், 0.5 மில்லிகிராம். நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிறது. தோட்டத்துப் பெரியவங்க பல பேர் வீட்டுல இருக்கும். உள்ள போனதும் இது நைட்ரிக் ஆக்ஸைடைத்தான் குடுக்குது. அதே வாயுவை நம்ம ரத்தக்குழாயும் தானாவே தயாரிக்கும்.

குழாயோட உள்பக்கம் ஒரே அடுக்கு செல்தான், பேரு எண்டோதீலியம். அசிட்டைல்கோலின்ங்கிற செய்தி வேதிப்பொருள் வந்து அதோட எம்3 ஏற்பியில, அதாவது செய்தியைப் பிடிக்கிற புரதத்துல, ஒட்டும். உடனே உள்பக்கம் ஜி-கியூ புரதம் முழிச்சுக்கும், பாஸ்போலிப்பேஸ் சி நொதி வேலையை ஆரம்பிக்கும், ஐபி3ங்கிற சின்னச் செய்தி மூலக்கூறு உண்டாகும். செல்லுக்குள்ள சேமிச்சு வச்ச கால்சியத்தைத் திறந்து விடுறது இந்த ஐபி3தான். கால்சியம் கால்மோடுலின்ங்கிற புரதத்தோட சேரும். அதுவரைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கிற ஈநாஸ் நொதியை கேவியோலின் புரதம் அமுக்கிப் பிடிச்சிருக்கும். கால்மோடுலின் வந்துதான் அதை விடுவிக்கும். அப்புறம் ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் வச்சு ஈநாஸ் நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும், கூடவே சிட்ருலினும் வரும். வாயு பக்கத்துத் தசைக்குப் போய், தசையைத் தளரச் சொல்ற சிஜிஎம்பி மூலக்கூறை ஏத்தும், குழாய் தளரும். சில விநாடிதான் அந்த வாயுவுக்கு ஆயுசு.

இன்சுலின் வர்ற வழி வேற. பிஐ3-கைனேஸ், ஏகேடிங்கிற ரெண்டு நொதி வழியா ஈநாஸோட 1177-வது செரின்ல பாஸ்பேட் ஏறும்; கம்மி கால்சியத்துலயே நொதி ஓடும். இனிப்புநீர் ரெண்டாம் வகையில இந்த வழி மந்தமாயிடும். குழாயை இறுக்குற எண்டோதீலின் வழி மட்டும் நிக்காது. அதான் கொடுமை.

1980-ல ஃபர்ச்காட்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி முயலோட பெருந்தமனியில பார்த்தது இதுதான்: உள் அடுக்கு நல்லா இருந்தா அசிட்டைல்கோலின் தளர்த்துது, தேய்ச்சு எடுத்துட்டா அதே அசிட்டைல்கோலின் இறுக்குது! 1998-ல நோபல் பரிசு வாங்குன மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

ஜிடிஎன் ஏற்பியையும் ஈநாஸையும் நம்பி இல்லை. நேரா தசை செல்லுக்குள்ளயே வாயுவா மாறும். உள் அடுக்கு கெட்டவங்களுக்கும் கேக்குறது அதனாலதான்.

ஆனா மாத்திரையை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தாதீங்க. மருந்து ஆவியாகும், பிளாஸ்டிக்கும் உறிஞ்சிடும். மோட்டார் சீட்டுக்கு அடியில வெயில்ல வைக்காதீங்க. போத்தல் திறந்து 8 வாரம் ஆச்சுன்னா புதுசு வாங்குங்க. உட்கார்ந்துதான் வைக்கணும், நின்னுக்கிட்டு வச்சா பிரஷர் இறங்கி விழுந்துடுவீங்க. 5 நிமிஷத்துல வலி குறையலையா, ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு கேளுங்க. ஆண்மைக்குன்னு விக்கிற சில தொங்காட் அலி மூலிகைக் காப்பி பாக்கெட்ல சில்டெனாஃபில், டடாலாஃபில்ங்கிற விறைப்பு மருந்துங்க கலந்திருந்ததை சுகாதார அமைச்சே கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. அந்த மருந்துங்க சிஜிஎம்பி-யை அழிக்கிற பிடிஇ5 நொதியைத் தடுக்கும். மாத்திரை சிஜிஎம்பி-யை ஏத்தும், காப்பி அதை இறங்க விடாது; பிரஷர் உயிருக்கே ஆபத்தாகுற அளவுக்கு விழும். சில்டெனாஃபில் எடுத்த பிறகு 24 மணி நேரம், டடாலாஃபில் எடுத்த பிறகு 48 மணி நேரம் ஜிடிஎன் கூடாது. அந்தக் காப்பி குடிச்சிருந்தா மாத்திரையைத் தொடாதீங்க, 999-க்கு அடிக்கும்போதே வெக்கப்படாம அதைச் சொல்லிடுங்க.