அரை மணி நேரத்தில் ஜப்பானிய மொழி: வாசிப்பதா, பேசுவதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. ஓசூரிலிருந்து ஒரு அன்பர் கேட்டிருக்கிறார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். "தினமும் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடிகிறது. வேலைக்காக இல்லை, ஆசைக்காகத்தான் ஜப்பானிய மொழி படிக்கிறேன். முதலில் வாசிக்கப் பழகுவதா, பேசப் பழகுவதா?" இதுதான் கேள்வி.

இரண்டையும் சேர்த்தே பழகுங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த அரை மணியை எதில் செலவழிக்க வேண்டாம் என்று நீங்கள் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆசை. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு என் பதில் தெரியும். தமிழ் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டதை மறுபடி ஆங்கிலம் வழியாகப் படித்து நேரத்தைக் கரைக்காதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆங்கிலப் பாடநூல். ஆங்கிலம் பேசுகிறவருக்கு எது விநோதமோ அதை அது பக்கம் பக்கமாக விளக்கும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று ஒரு பாடம், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும் என்று ஒரு பாடம். நமக்கு அது எதற்கு? 'தோக்கியோ நி' என்றால் டோக்கியோவுக்கு. 'ஹொன் ஒ' என்றால் புத்தகத்தை. 'வாத்தாஷி மோ' என்றால் நானும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற விஷயம்.

எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியத்தையே மறுபடி எடுக்கிறேன், போன மாதமும் சொன்னேன். 'கினோ யோந்த ஹொன்.' கினோ, நேற்று. யோந்த, படித்த. ஹொன், புத்தகம். நேற்று படித்த புத்தகம். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம் என்று படித்தோமே, அதேதான்.

துணைவினைகளைப் பாருங்கள், இன்னும் அழகு. மிரு என்றால் பார். 'யோந்தே மிரு' என்றால் படித்துப் பார். ஒகு என்றால் வை. 'யோந்தே ஒகு' என்றால், பின்னால் உதவும் என்று படித்து வை. 'யோந்தே ஷிமாவு' என்றால் படித்துவிடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அங்கே சொல்வது 'இத்தே கிமாஸ்'. நாம் போய்விட்டு வருகிறேன் என்கிறோம். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கும் மனம் வருவதில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் இதெல்லாம் தனித்தனி இலக்கண விதி, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி. நாம் வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பார்த்தால் போதும்.

இலங்கையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு லாபம். ஜப்பானிய மொழியில் சுட்டு மூன்று. கொரே, என் பக்கத்தில் இருப்பது. சொரே, கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது. அரே, இருவருக்கும் தள்ளி இருப்பது. இது, உது, அது! தமிழ்நாட்டில் 'உது' பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது.

உடனே, இரண்டும் ஒரே குடும்பமா என்று கீழே கேட்பீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. படிக்கிற நமக்கு அந்த வழக்கு முடிய வேண்டிய அவசியமே இல்லை. வாக்கியத்தின் அமைப்பு ஒத்துப்போகிறது, அது போதும்.

ஒரு எச்சரிக்கை. இலக்கணத்துக்குத் தமிழை நம்புங்கள், உச்சரிப்பை எழுதிவைக்கத் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள். நமக்கு ஒரே க. அங்கே 'எழுது' என்ற வினைக்கும் 'முகர்ந்து பார்' என்ற வினைக்கும் அந்தக் ககரம் வன்மையாகவா, மென்மையாகவா என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஹிரகானாவுக்கு, அதாவது ஒலியை மட்டும் குறிக்கிற ஜப்பானிய எழுத்துக்கு, போய்விடுங்கள். அடிப்படை எழுத்து 46. அதன் வரிசையும் நமக்கு அந்நியமில்லை: அ இ உ எ ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. சமஸ்கிருதம் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசை. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருக்கிறது, பார்த்தீர்களா? அந்த ஹ மேல் ஒரு குட்டி வட்டம் போட்டால் ப ஆகிவிடும். குறில் நெடிலும் நமக்குச் சுலபம். ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதே என்றால் வா, கித்தே என்றால் தபால்தலை.

சரி, இப்படி மிச்சம் பிடித்த நேரம் எங்கே போக வேண்டும்? கான்ஜிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு. இங்கே தமிழ் ஒரு உதவியும் செய்யாது. பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். அவற்றில் 1026ஐத் தொடக்கப்பள்ளியின் ஆறு வருடத்தில் படிக்கிறார்கள், முதல் வகுப்பில் வெறும் 80. அந்த நாட்டுக் குழந்தைக்கே ஆறு வருடம் கொடுக்கிறார்கள் என்றால் நமக்கென்ன அவசரம்?

எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை, 'நிச்சியோபி'. மூன்று எழுத்து. முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் ஒன்றே, சூரியனையும் நாளையும் குறிக்கிற சின்னக் கட்டம். முதலில் வரும்போது நிச்சி, கடைசியில் வரும்போது பி. தனியாக நின்றால் ஹி. அதற்கு முன்னால் 'இப்போது' என்ற எழுத்தை வைத்தால் இன்று என்று பொருள், வாசிப்பது 'க்யோ'. அந்த ஒலியில் எது எந்த எழுத்தின் பங்கு என்று பிரிக்கவே முடியாது. இந்த ஒலிகளையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி உருப்போட்டால் ஒன்றும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் காதில் ஏறியிருந்தால், எழுத்தைப் பார்த்ததும் ஒலி தானாக வாய்க்கு வரும்.

அதனால்தான் வாசிப்பதையும் பேசுவதையும் பிரிக்காதீர்கள் என்கிறேன். காதில் விழுந்ததை வாசியுங்கள், வாசித்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். ததோகு என்று ஒரு வாசிப்பு முறை அங்கே உண்டு. மிக எளிய கதையில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டிப் போ, பிடிக்காவிட்டால் வேறு கதையை எடு, அவ்வளவுதான். அப்படி வாசிக்கத் தரம் பிரித்த படக்கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சிலவற்றுக்கு ஒலிப்பதிவும் இருக்கிறது. கான்ஜியின் மேல் பொடி எழுத்தில் ஒலியை அச்சிட்டிருப்பார்கள், ஃபுரிகானா என்று பெயர். சிறுவர்களுக்கான மாங்காவிலும், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகளிலும், அப்படித்தான்.

பேச்சுக்கு ஒன்று. ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற என் நண்பர் ஒருவருக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் அங்கே வருகிற ஜப்பானியப் பொறியாளர்கள் அவரைத் தேடி வந்து பேசுவார்கள். காரணம், அவருக்கு உம் கொட்டத் தெரியும். எதிரில் பேசுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் 'ஹாய்' (ஆமாம்), 'சோ தேசு நே' (அப்படித்தான், இல்லையா) என்று போட்டுக்கொண்டே இருப்பார். ஐஸுச்சி என்று இதற்குப் பெயரே இருக்கிறது. தொலைபேசியில் அது இல்லாவிட்டால் மறுமுனையில் இருப்பவர், இணைப்பு போய்விட்டதோ என்று 'மோஷி மோஷி' என்பார். பாட்டி கதை சொல்லும்போது நாம் கொட்டிய உம்தான். பேச ஆரம்பிக்க நல்ல இடம் அது.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கிற ஜேஎல்பிடி தேர்வைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். அதில் பேசும் தேர்வே கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். தூண்டுதலுக்கு எழுதுங்கள், அதற்காகவே படிக்க வேண்டாம்.

ஓசூர் அன்பருக்கு இப்போது கணக்கு. முதல் பத்து நிமிடம், ஷிப்ட் பேருந்திலேயே இருக்கட்டும், ஒரு சின்னக் கதையின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். அடுத்த பத்து நிமிடம் அதே கதையை வாசியுங்கள், அதில் வருகிற சொற்களை மட்டும் அன்கி என்ற நினைவு அட்டைச் செயலியில் போடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் ஒலிப்பதிவோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் கேட்பது மட்டும் போதும்.

அடுத்த வாரம் 'வா', 'கா' என்ற இரண்டு ஜப்பானிய உருபுகளின் வேறுபாடு. நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நேரான உருபு தமிழில் இல்லை, அதனால் அதற்குத் தனி வீடியோவே போடுகிறேன்.