நெற்றிப்பொட்டில் அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

[திரையில்: இரவு. மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதி. தாரில் படுத்திருக்கும் மாடுகள்.]

வன்னியில் இருட்டில் மாட்டோடு மோதி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். எழும்பி இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்டுமில்லை, வீட்டை போவம்" என்பார்கள். அதை ஏன் அப்படியே நம்பக்கூடாது? மண்டையோட்டை வைத்தே பார்ப்போம்.

[திரையில்: மண்டையோட்டின் பக்கத் தோற்றம்.]

கன்ன எலும்பின் வளைவுக்கு மேலே இரண்டு விரல், கண்குழியின் வெளி விளிம்புக்குப் பின்னே ஒரு பெருவிரல் அகலம். தொட்டுப் பாருங்கள். நெற்றி எலும்பு, உச்சிப்பக்க எலும்பு, காதுப்பக்க எலும்பு, ஆப்பெலும்பு நான்கும் சந்திக்கும் இடம் இது. நெற்றிப்பொட்டில் இருக்கும் இந்த இடத்தின் பெயர் டெரியன். ஓடு இங்கே மிகவும் மெல்லியது.

[திரையில்: அதே இடத்தின் உள்பக்கம்.]

ஈர மண்ணில் வண்டில் சில்லுப் பதிந்த மாதிரிக் கோடுகள் தெரிகின்றனவா? நடு மூளையுறை நாடி என்ற இரத்தக்குழாய் ஓடிய தடம் அது. ஆப்பெலும்பில் உள்ள முள்துளை என்ற சின்னத் துளையால் இந்த நாடி உள்ளே வருகிறது. பக்கத்திலிருக்கும் பெரிய முட்டைவடிவத் துளையால் கீழ்த்தாடை நரம்பு வெளியே போகிறது; நாம் சோறு மெல்லுவது அதன் தயவில்தான்.

மூளைக்கு இரத்தம் கொடுப்பது இந்த நாடி அல்ல. அதற்கு உட்கழுத்து நாடிகளும் முள்ளந்தண்டு நாடிகளும் இருக்கின்றன. இது எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் உரியது. ஆனால் டெரியனில் எலும்பு வெடித்தால் இதுவும் கிழியலாம். பீறிடும் இரத்தம் உறையை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டு தேங்கும். ஓடு விரிந்து இடம் கொடுக்காது, ஆகவே மூளைதான் நசியும். சிலர் முதலில் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகக் கதைப்பார்கள். தேங்கிய இரத்தக்கட்டி பெருக்கிறபோது திரும்பவும் மயங்குவார்கள். அந்த இடைவேளைதான் ஆட்களை ஏமாற்றுகிறது.

[திரையில்: இரண்டு கண்கள், ஒரு கண்மணி பெரிதாக.]

தள்ளப்பட்ட மூளை, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மண்டை நரம்பை நசித்தால், பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துக் கண்மணி விரிந்துவிடும், டோர்ச் அடித்தாலும் சுருங்காது. அதுவரை காத்திருக்கவே வேண்டாம். தலையிடி கூடுவது, சத்தி, தூங்கி விழுவது, குழம்பிக் கதைப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். "விடியட்டும் பார்ப்பம்" என்று படுக்க வைக்காதீர்கள். நேரத்துக்கு மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்தால் பலர் முழுதாகத் தேறுகிறார்கள்.

அம்புலன்ஸ் வந்ததும் எத்தனை மணிக்கு விழுந்தார், இடையில் மயங்கினாரா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.